எங்கள் கழிவு யாருக்குத் தேவைப்படும்? கொழும்புத் தொழிலகங்களுக்கிடையே ஒரு பரிமாற்றப் பட்டியல்

ஓரத்தாள் (கொட்டாஞ்சேனை)

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் 22 ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கலண்டர், கலியாண அழைப்பிதழ், மருந்துப் பெட்டிக்கான மட்டை, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். வெட்டும் இயந்திரத்தின் கீழே நாள்தோறும் விழும் ஓரத்தாள்களை இத்தனை காலமும் உரப்பைகளில் அடைத்து வைத்து, சனிக்கிழமைகளில் வரும் பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்து வந்தேன். வெள்ளைக் கடதாசி, மினுக்கக் கடதாசி, மட்டை, ஸ்டிக்கர் தாள் எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதங்களில் என்னிடம் வேலை செய்த நான்கு பேருக்கும் சம்பளம் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், பெரிய அச்சகம் ஒன்றின் உருளைத் தாளிலிருந்து வெட்டி ஒதுக்கப்பட்ட நாலரை அங்குல அகலமுள்ள வெள்ளைக் கீற்றுகள். அவர்களுக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்த குப்பை. நான் அதைச் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகங்களாகக் கட்டி, புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொடுத்தேன். அந்தத் தொடர்பு எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு மரண வீட்டில். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அந்த அச்சகத்தின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார், பேச்சுவாக்கில் சொன்னார்.

மரண வீட்டுக் கதிரையை நம்பித் தொழில் செய்ய முடியாது என்பதால், யாரிடம் என்ன மிஞ்சுகிறது, யாருக்கு என்ன தேவைப்படுகிறது என்பதை எழுதி வைக்கும் ஒரு பட்டியலைக் கொழும்பு, வத்தளை, பேலியகொடை, இரத்மலானை வட்டாரத்துச் சிறு தொழிலகங்களுக்காகத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். என்னிடம் வாரத்திற்குச் சுமார் 300 கிலோ ஓரத்தாள், பாவித்து முடித்த அலுமினிய அச்சுத் தகடுகள், வெறும் மைத் தகரங்கள், இறக்குமதிக் கடதாசி வந்த மரத் தட்டுகள் (பலெட்), உருளைகளைக் கழுவிய எண்ணெய்க் கலவை ஆகியவை உள்ளன. இதில் அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றி.


பழையசாமான் (ஒருகொடவத்தை)

ஐயா, பழைய பேப்பர்காரர் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிய ஆள்களில் நானும் ஒருவன். நீங்கள் தொடங்க விரும்பும் பட்டியல் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அது கடதாசியில் இல்லை, அவ்வளவுதான். எந்தத் தொழிற்சாலையின் பின்வாசலில் எந்தக் கிழமை என்ன விழும், பஞ்சிகாவத்தையில் அதை யார் வாங்குவார் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஒரே விலை என்று குறைப்படுகிறீர்கள். ஸ்டிக்கர் தாளை வெள்ளைக் கடதாசியோடு கலந்து கட்டித் தந்தால், அதன் பசையும் மெழுகுத்தாளும் ஆலையில் கூழைக் கெடுக்கும் என்று அங்கே முழுப் பையையும் திருப்பி விடுகிறார்கள். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் நான் விலை சொல்லுகிறேன்.


களனிக்கரை (களனி)

நான் சுற்றாடல் பொறியியலாளர். தொழிற்சாலைகளின் உரிம விண்ணப்பங்களைத் தயாரிப்பது என் அன்றாட வேலை. ஓரத்தாள் அவர்களின் எண்ணம் நல்லது. உலகில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் என்ற சிறு துறைமுக நகரத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எரித்து வீணாக்கிய வாயுவை 1972 முதல் பக்கத்திலிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை எரிபொருளாக வாங்கியது. பிறகு நிலக்கரி மின் நிலையம் தன் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சமும் அதே பலகைத் தொழிற்சாலைக்குப் போனது. மின் நிலையத்தின் நீராவி இன்னொரு பக்கம் போனது. மருந்து உற்பத்தியில் மிஞ்சிய சேறு வயல்களுக்கு உரமாகப் போனது.

இதை அரசாங்கம் திட்டம் போட்டுச் செய்ததாகப் பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. ஒவ்வொரு குழாயும் இரண்டு நிறுவனங்களுக்கிடையே, இரு தரப்புக்கும் காசு மிஞ்சும் என்ற கணக்கில் போடப்பட்ட தனித்தனி ஒப்பந்தம். மொத்த வலைக்குப் பெயர் வைத்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். முகாமையாளர்கள் ஒரு சிறிய ஊரில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருந்தது பெரிய உதவி. உங்கள் மரண வீட்டுக் கதிரையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. தும்பு ஆலைகளின் பின்னால் மலைபோலக் குவிந்து, மழையில் கறுப்புச் சாறாக ஓடையில் கலந்துகொண்டிருந்த தும்புத்தூள், இன்று கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறுகிறது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் பறக்கும் சாம்பல் சீமெந்துக்குள் போகிறது. தும்புத்தூளை விற்க வைத்தது விளம்பரம் அன்று. அதைக் கழுவி உப்பை இறக்கி, எவ்வளவு உப்பு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பொதியில் எழுதக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது பண்டமாயிற்று.

இனி எச்சரிக்கை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளை, அதாவது ஆபத்தானவை என்று பட்டியலிடப்பட்டவற்றை, உருவாக்குவதற்கும், சேர்ப்பதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும், மீட்டெடுப்பதற்கும், அகற்றுவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் தேவை. உங்கள் ஓரத்தாளும் மரத் தட்டும் அந்த வகையில் வராது. உருளை கழுவிய எண்ணெய்க் கலவையும் மை ஒட்டிய தகரமும் வேறு கதை. அவற்றைத் தயவுசெய்து பொதுப் பட்டியலில் போடாதீர்கள். "இலவசம், வந்து எடுத்துச் செல்லவும்" என்று எழுதினால் யாராவது வந்து எடுத்துச் செல்வார். அதை எங்கே ஊற்றுவார் என்பது உங்களுக்குத் தெரியாது.


வெட்டுமேசை (வத்தளை)

ஆடைத்தொழிற்சாலைக் களஞ்சியத்தில் 17 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். வெட்டுமேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது, உருவங்களுக்கு இடையில் மிஞ்சும் துண்டுகள் மலைபோலச் சேரும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது எல்லாம் துணி. உள்ளே நாங்கள் அதைக் குறைந்தது நான்காகப் பார்ப்போம். முழுப் பருத்திப் பின்னல் துணி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்பதால், வாகனத் திருத்தகங்களுக்குத் துடைப்புத் துணியாகக் கேட்ட விலைக்குப் போகும். பொலியெஸ்டர் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அதைத் தலையணையிலும் கால்மிதியிலும்தான் போடலாம். ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிதான் பெரிய தலையிடி. மிகக் கொஞ்சமாகக் கலந்திருந்தாலும் அந்த இழுபடும் நூல், துணியை மீண்டும் நாராகப் பிரிக்கும் இயந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொள்ளும். நான்காவது, வர்த்தகச் சின்னம் பதிந்த துண்டு. அதை முழுதாக வெளியே விடக் கொள்வனவாளர் சம்மதிக்க மாட்டார், துண்டு துண்டாக்கித்தான் விட வேண்டும்.

எனவே "துணிக் கழிவு, மாதம் இத்தனை கிலோ" என்று பட்டியலில் எழுதுவதால் ஒருவருக்கும் பயனில்லை. பிரிப்பது வெட்டுமேசைக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஒருமுறை கலந்த பிறகு பிரிக்க ஆள் வைத்தால், துணியின் விலையைவிடக் கூலி கூடிவிடும். நாங்கள் நான்கு நிறத்தில் நான்கு கூடை வைத்தோம். முதல் மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு பருத்திக் கூடையில் வருகிற காசை அந்த வரிசைப் பிள்ளைகளின் தேநீர்ச் செலவுக்கு ஒதுக்கினோம். அதன் பின் கூடை மாறி ஒரு துண்டு விழவில்லை.

இன்னொன்று. முதலீட்டுச் சபையின் கீழ் இயங்கும் தொழிற்சாலைகள் துணியைத் தீர்வையின்றி இறக்குமதி செய்கின்றன. அதனால் அந்தத் துணியின் கழிவுத் துண்டுகூட உரிய அனுமதியில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கட்டுநாயக்காவிலோ பியகமவிலோ இருக்கும் ஒரு முகாமையாளர் உங்கள் தொலைபேசி அழைப்புக்கு உடனே சம்மதிக்கவில்லை என்றால், அவருக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம்; அவருடைய கை கட்டப்பட்டிருக்கிறது.


மதியச்சாப்பாடு (வெள்ளவத்தை)

நான் உற்பத்தித் தொழில் செய்பவள் அல்ல. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தண்ணீர் வெட்டு வரும் நாள்களில் பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்து வைப்பதற்காக, வீதியோரத்தில் அடுக்கி வைத்து விற்ற நீலப் பிளாஸ்டிக் பரல்கள் இரண்டை வாங்கினேன். 210 லீற்றர் பிடிக்கும், மூடி போட்டு வளையம் இறுக்குகிற பரல். விற்றவர் உள்ளே பழச்சாறு வந்தது என்றார். சவர்க்காரம், புளி, எலுமிச்சை என்று மூன்று நாள் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ஒன்றில் ஒரு வாசனையும் இல்லை. மற்றதை இரவு மூடி வைத்துக் காலையில் திறந்தால், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனை மெல்லிதாக எழும்பும். பகல் முழுவதும் திறந்து வைத்தால் போய்விடும். மறுநாள் காலையில் திரும்ப வரும்.

அதன் பக்கவாட்டைச் சாய்த்துப் பார்த்தபோது, உரித்தெடுத்த ஒட்டுச்சீட்டின் பசை இருந்த இடம் கறுத்திருந்தது. மூலையில், ஆபத்தான இரசாயனம் என்று காட்டும் சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்தின் ஒரு முனை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பரல் இப்போது மாடியில் மண் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் பூமரம்தான் வைத்தேன், கீரை நடவில்லை. பட்டியல் தொடங்குபவர்கள் முதலில் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். சீட்டை உரித்தது யார்?


பழையசாமான் (ஒருகொடவத்தை)

அக்கா, சீட்டைப் பெரும்பாலும் தொழிற்சாலையே உரிக்கும். தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக உரித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார்கள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் "சவர்க்காரத் தண்ணீர்" என்பார் காவலாளி. நாங்கள் மூக்கால் பார்த்துப் பிரிக்கிறோம். எங்களில் சிலர் அதையும் செய்வதில்லை, அதை மறைக்கவில்லை. என் முற்றத்தில் சாய்சதுரக் குறி இருந்த பரல் தண்ணீருக்கு விற்கப்படாது. நடுவில் அறுத்து, கட்டட வேலைக்காரருக்குச் சாந்து குழைக்கக் கொடுப்பேன். பரலுக்குள் என்ன வந்தது என்று தொழிற்சாலை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தால், அந்தப் பரலுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயார். இதுவரை ஒருவரும் தந்ததில்லை.

ஓரத்தாள் ஐயாவுக்கு இன்னொரு விடயம். உங்களைப்போல பத்துப் பேர் சேர்ந்து, நல்ல வெள்ளைக் கடதாசியையும் அலுமினியத் தகட்டையும் நேரடியாக வாங்குபவருக்குக் கொடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் மெழுகுத்தாளையும் ஈரமான மட்டையையும் எடுக்க என் லொறி ஏன் உங்கள் ஒழுங்கைக்குள் வர வேண்டும்? நல்லதில் கிடைக்கும் இலாபத்தில்தான் நாங்கள் கெட்டதையும் தூக்குகிறோம். அதற்குமேல், நான் வாசலில் காசாகக் கொடுக்கிறேன். பட்டியலைப் பார்த்து வரும் நிறுவனம் 60 நாள் தவணை கேட்கும்.


ஓரத்தாள் (கொட்டாஞ்சேனை)

உண்மையைச் சொன்னால், இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒழுங்கைக்குள் லொறி வராத சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வாசல்படிக்கு மேல் பை ஏறிவிடும்.


சிப்பிக்காளான் (அவிசாவளை)

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதற்கு அது உதவும். நான் இறப்பர் மரத்தூளில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு, பயற்றமா சேர்த்துப் பைகளில் அடைத்து, ஆவியில் அவித்து, ஆறிய பிறகு வித்து இடுவோம். மூன்று வாரத்தில் பை முழுவதும் வெள்ளை நூல் படர வேண்டும். வழக்கமாகத் தூள் தரும் மர ஆலை சில நாள் மூடியிருந்ததால், தளபாடத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு லொறி தூள் எடுத்தேன். அதே இறப்பர் மரம், அதே வெளிர் நிறம். இன்னும் சொன்னால், முன்னையதைவிட உலர்ந்து நேர்த்தியாக இருந்தது. இலவசமாகவே தந்தார்கள், லொறிக் கூலி மட்டும் என்னுடையது.

600 பைகள் போட்டேன். 20 நாள் கழித்துப் பார்த்தால் வித்து இட்ட இடத்தில் ஒரு விரலளவு வெள்ளை படர்ந்து அப்படியே நின்றுவிட்டது. வித்துப் பிழை என்று நினைத்து வித்துக்காரரோடு சண்டை பிடித்தேன். பிறகு விவசாய உத்தியோகத்தர் ஒருவர் வந்து, தூள் எங்கிருந்து வந்தது என்று ஒரே கேள்விதான் கேட்டார். இறப்பர் மரத்தைப் பலகையாக அறுத்தவுடன், பூஞ்சணமும் வண்டும் பிடிக்காமலிருக்கப் போரோன் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். மர ஆலையில் விழுவது மருந்து ஏற்றுவதற்கு முந்திய தூள். தளபாடத் தொழிற்சாலையில் விழுவது மருந்து ஏறிய பிந்திய தூள். காளானும் பூஞ்சணம்தானே, மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

தந்தவர்கள் என்னை ஏமாற்றவில்லை. "இறப்பர் மரத்தூள்தானே" என்று கேட்டேன், "ஆம்" என்றார்கள். எந்தப் படியில் விழுந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பட்டியலில் பொருளின் பெயர் மட்டும் போதாது. அது எந்த இயந்திரத்தின் அடியில், எந்த வேலைக்குப் பிறகு விழுந்தது என்பது எழுதப்பட வேண்டும்.


உளிச்சத்தம் (மொறட்டுவை)

சிப்பிக்காளான் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறையில் திட மரத்தின் தூளும் பசை போட்டு அழுத்திய பலகையின் தூளும் ஒரே நிலத்தில்தான் விழுகின்றன. ஆண்டாண்டு காலமாகக் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிக் கொடுக்கிறோம். கோழிக்கூட்டுக்கு விரிப்பதற்காக எடுத்துச் செல்பவர்களிடம் இனிமேலாவது இதைச் சொல்ல வேண்டும்.

மரத் தட்டுகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் அடியில் வருகிற தட்டில், கால் கட்டையின் பக்கவாட்டில் சுட்டுப் பதித்த முத்திரை இருக்கும்: ஒரு கோதுமைக் கதிர், அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து, அதன் கீழ் பக்குவம் செய்த முறையின் இரண்டு எழுத்து. "எச்டி" (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடமாவது இருந்திருக்கிறது என்று பொருள். அதை நான் கதிரைக்கும் புத்தகத் தட்டுக்கும் பயமில்லாமல் எடுப்பேன். "எம்பி" (MB) என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. அதை வீட்டுச் சாமானுக்கு எடுப்பதில்லை. முத்திரையே இல்லாத தட்டு உள்ளூரில் அடித்ததாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

காசுக் கணக்கில் பார்த்தால், தட்டின் விலையைவிட ஆணியின் விலைதான் கூட. அந்த ஆணிகள் முறுக்கு வரி போட்டவை. இழுத்தால் தலை கழன்று வரும், உடல் மரத்துக்குள்ளேயே நிற்கும். போன ஆண்டு இழைப்பு இயந்திரத்தின் புதுக் கத்தி மூன்றும் அப்படி ஒரு ஆணியில் பட்டுப் பல்லுப் போயின. ஆகவே ஓரத்தாள் அண்ணனிடம் நான் வேண்டுவது: தட்டுகளை மழையில் போட வேண்டாம், கடப்பாரையால் உடைக்க வேண்டாம், 20 சேர்ந்ததும் சொல்லுங்கள். பட்டா என்ற என் சின்ன லொறியில் ஒரு நடைக்கு அது கணக்காக இருக்கும். பத்துக்காக மொறட்டுவையிலிருந்து வந்தால் எரிபொருளுக்கே கட்டாது.


பேரேடு (கொள்ளுப்பிட்டி)

கணக்காளர் என்ற முறையில் சுருக்கமாக: பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் கழிவை விற்றாலும் அது விற்பனைதான், 2024 ஜனவரி முதல் அதன் வீதம் 18 சதவீதம். காசு கைமாறாமல் "உன் மட்டை எனக்கு, என் தட்டு உனக்கு" என்று மாற்றிக்கொண்டாலும், வரியின் பார்வையில் அது இரண்டு வழங்கல்கள். பதிவில்லாத சிறு பட்டறை அந்த 18 சதவீதத்தை மீட்டுக்கொள்ள முடியாது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் கொடுத்த நாள், நிறை, எடுத்தவர் பெயர், லொறி இலக்கம் ஆகியவற்றோடு ஒரு சீட்டு எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுவது நல்லது. கணக்காய்வில் கேட்பார்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்க வருபவர்களும் கேட்பார்கள் என்பதைக் களனிக்கரை உறுதிப்படுத்துவார்.


களனிக்கரை (களனி)

கட்டாயம் கேட்பார்கள். அந்தச் சீட்டு இல்லாதபோது "மீள்பயன்பாடு" என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் எந்தப் பெயரில் வந்தன? பாவித்த மெத்தை, கம்பளம், விரிப்பு. பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவதற்கு என்றுதான். திறந்தபோது மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கத்தினர் கூறினர். நீதிமன்றம்வரை போய், கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் திரும்பிப் போனது. அளவு சிறியது என்பதைத் தவிர, உரித்த சீட்டோடு விற்கப்பட்ட நீலப் பரலும் அதே கதைதான்.

ஓரத்தாள் அவர்களே, உங்கள் பட்டியலில் ஒரு மாற்றத்தை முன்மொழிகிறேன். "என்னிடம் இருக்கிறது" என்ற பக்கத்தை விட்டு, "எனக்கு வேண்டும்" என்ற பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கழிவை வைத்திருப்பவர் அதைத் தொலைக்க நினைக்கிறார். அவர் எழுதும் விவரணம் எப்போதும் அழகாகவே இருக்கும். வேண்டுபவர்தான் எது ஆகாது என்று சரியாகச் சொல்வார். காளானுக்குப் போரோன் ஆகாது, தச்சருக்கு முறிந்த ஆணி ஆகாது, ஆலைக்கு ஸ்டிக்கர் ஆகாது. அந்த "ஆகாது" வரிசைதான் இந்தப் பட்டியலின் உயிர்.

மற்றவரின் கழிவை நம்பிக் கொள்வனவுத் திட்டம் போடுபவர்களுக்கும் ஒரு சொல். கலுண்ட்போர்க் மின் நிலையம் பிற்பாடு நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறிவிட்டது. சுற்றாடலுக்கு அது நல்லது. ஆனால் நிலக்கரிப் புகை நின்றால் ஜிப்சமும் நிற்கும். நீங்கள் கழிவு வாங்கும் தொழிற்சாலை தன் வேலையைத் திருத்திக்கொண்டால் உங்கள் மூலப்பொருள் காணாமல் போகும். அதற்காக அவரைக் கோபிக்கவும் முடியாது.


வெட்டுமேசை (வத்தளை)

இதில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. வேண்டுபவர் பக்கத்திலிருந்து மட்டும் தொடங்கினால், ஒருவரும் நினைத்துப் பார்க்காத பயன் வெளியே வராது. எங்கள் களஞ்சியத்தில் துணி சுற்றி வந்த தடித்த மட்டைக் குழாய்களை விறகாக எரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீதியில் பதாகை அடிப்பவர் ஒருவர் வேறு வேலையாக வந்து, அவற்றைக் கண்டு, "இதையா எரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதாகையை மடிப்பு விழாமல் சுற்ற அவர் அதே குழாயைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். குழாய் வேண்டும் என்று அவர் எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்க மாட்டார். ஆகவே இரண்டு பக்கமும் இருக்கட்டும். இருக்கும் பக்கத்தில் புகைப்படம் கட்டாயமாக இருக்கட்டும்.


ஓரத்தாள் (கொட்டாஞ்சேனை)

பத்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்கவும், கலண்டர்க் காலம் இடையில் வந்துவிட்டது. நீங்கள் சொன்னவற்றை வைத்து ஒரு பக்கப் படிவம் ஒன்று செய்தேன். பொருளின் பெயர், எந்த இயந்திரத்தில் எந்த வேலைக்குப் பிறகு விழுந்தது, அதற்கு முன் அதன்மேல் அல்லது அதற்குள் என்ன இருந்தது, எத்தனை நாளுக்கு எவ்வளவு சேரும், நனையாமல் இருக்கிறதா, லொறி வாசல்வரை வருமா, எதற்கு ஆகாது என்று ஏழு கேள்விகள். கடைசிக் கேள்விக்கு விடை எழுதாதவரின் பொருளைச் சேர்ப்பதில்லை. பரலுக்கும் தகரத்துக்கும், பழைய சீட்டின் புகைப்படம் இல்லாவிட்டால் இடமில்லை.

11 தொழிலகங்கள் சேர்ந்தன. 14 பொருள்கள் எழுதப்பட்டன. அவற்றில் நகர்ந்தவை மூன்று. என் வெள்ளைக் கீற்றுகளை மட்டக்குளியில் இனிப்புப் பெட்டி நிரப்பும் ஒருவர் எடுத்தார். அச்சு மை படாததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய "ஆகாது". மரத் தட்டு 20, உளிச்சத்தம் அண்ணனின் பட்டாவில் போயிற்று. முத்திரையில்லாத நான்கைக் கழித்துவிட்டு மற்றவற்றை எடுத்தார். மூன்றாவது, வெட்டுமேசை அக்கா மூலம் வந்த பருத்தித் துண்டுகள். இயந்திரம் துடைக்க நாங்கள் கடையில் வாங்கிவந்த துணியை இப்போது வாங்குவதில்லை. மற்ற 11 பொருள்களும் படிவத்தில் கிடக்கின்றன.

பழையசாமான் அவர்களோடும் இருந்து பேசினேன். இப்போது நான்கு கூடை வைத்திருக்கிறோம். இனிப்புப் பெட்டிக்காரருக்குப் போகும் கீற்றுகள் போக மீதி எல்லாம், மெழுகுத்தாள் உட்பட, அவருக்கே. பிரித்துத் தருவதால் மட்டைக்கும் மினுக்கக் கடதாசிக்கும் வேறு வேறு விலை தருகிறார். அலுமினியத் தகடு அவரிடம்தான் போக வேண்டும் என்றார். சம்மதித்தேன். பட்டியலில் உள்ள பொருள்களை ஏற்றி இறக்கும் வேலையையும், காலியாகத் திரும்பும் அவருடைய லொறியே இப்போது பாதி செய்கிறது.

தீராமல் இருப்பது மைத் தகரமும் கழுவிய எண்ணெயும். புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இத்தகைய கழிவை எரிபொருளோடு சேர்த்து எரிக்கும் வசதி இருக்கிறது என்று களனிக்கரை வழிகாட்டினார். ஆனால் என்னிடம் மாதத்திற்கு இரண்டு கேன் தான் சேரும்; அதற்காக ஒருவரும் லொறி அனுப்ப மாட்டார்கள். ஐந்து அச்சகங்களின் கேன்களை என் பின்னறையில் சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தேன்.


களனிக்கரை (களனி)

வைக்காதீர்கள். உங்கள் கேன் உங்கள் அறையில் இருப்பது ஒன்று. மற்றவர்களின் கேனையும் சேர்த்து வைத்தால் நீங்கள் களஞ்சியப்படுத்துபவர் ஆகிவிடுவீர்கள், அதற்குத் தனி உரிமம் வேண்டும். தீ பிடித்தால் காப்புறுதியும் கை விரிக்கும். கேன்கள் அவரவர் இடத்திலேயே, மூடி இறுக்கி, பெயரும் திகதியும் எழுதி இருக்கட்டும். உரிமம் பெற்ற சேகரிப்பாளர் ஒருவரை ஒரே நாளில் எல்லா வாசலுக்கும் வரச் செய்யுங்கள். எண்ணெய் ஓர் இடத்தில் சேர வேண்டியதில்லை. நாள் ஒன்றாகச் சேர்ந்தால் போதும்.


பழையசாமான் (ஒருகொடவத்தை)

அந்த லொறி கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்குள் காலை ஏழு மணிக்கு முன் வந்தால்தான் திரும்பிப் போகலாம். பாடசாலை வான்கள் வந்த பிறகு முடியாது. சாரதிக்கு வழி காட்ட என் பையனை அனுப்புகிறேன்.


ஓரத்தாள் (கொட்டாஞ்சேனை)

சேகரிப்பாளரோடு பேசிவிட்டேன். ஒரு நடைக்குக் குறைந்தது ஏழு வாசல் வேண்டும் என்கிறார். இதுவரை ஐந்து சேர்ந்திருக்கிறோம். ஆமர் வீதி, கிராண்ட்பாஸ், மெசெஞ்சர் வீதிப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர்கள் இருந்தால், கேன் எத்தனை, அதில் கழுவிய எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அடுத்த மாத முதல் திங்கட்கிழமைக்குப் பதிவு செய்துவிடுவேன்.